22ஆம் பிரிவைப் பிரதியாக வாசித்தல்

சரவணம்பட்டி டீக்கடை பெஞ்சில் வக்கீல் நண்பர் ஒருவர் சொன்னார்: "மனித உரிமைச் சட்டத்தைத் தூக்கி வீசணுமுங்க. பல்லில்லாத கமிஷன் எதுக்கு? அரசியல் சட்டத்தோட மூணாம் பாகத்தைப் பலப்படுத்துனாப் போதாதுங்களா?" இங்கிலாந்திலும் இந்தக் குரல் கேட்டது. 1998ஆம் ஆண்டின் மனித உரிமைச் சட்டத்துக்குப் பதிலாக 2022இல் தேசிய உரிமை மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார்கள், 2023இல் கைவிட்டார்கள். ஐரோப்பிய நீதிமன்றத்தின் பிடியைத் தளர்த்துவது அவர்கள் நோக்கம். நண்பருடையது நல்லெண்ணம்தான். நானும் சில காலம் அப்படி நினைத்தவன்.

மூன்றாம் பாகத்தைப் பிரதியாக வாசித்தால்தான் சிக்கல் தெரிகிறது. கைதானவன் வக்கீலைப் பார்க்கலாம், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்பட வேண்டும் என்கிறது 22ஆம் பிரிவு. அடுத்த மூச்சிலேயே, தடுப்புக் காவலில் இருப்பவனுக்கு இதெல்லாம் பொருந்தாது என்கிறது. விலக்கு வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டதல்ல. உரிமை என்கிற அத்தியாயத்துக்குள்ளேயே குடியிருக்கிறது. நெருக்கடி நிலையின்போது, 1976இல், உயிருக்கும் சுதந்திரத்துக்குமான உரிமையைக் கேட்டுக் கோர்ட்டுக்கு வர முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டின் நான்கு நீதிபதிகள் சொன்னார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர்தான் மறுத்தார். 1978இல் திருத்தினார்கள், சரி. ஆனால் பட்டியலை எழுதுவதும் விலக்கை எழுதுவதும் ஒரே கைதான்.

1993 சட்டத்தின் யோக்கியதை எனக்குத் தெரியாததல்ல. ஓராண்டு கடந்த புகாரைக் கமிஷன் விசாரிக்கக் கூடாது. ராணுவம் என்றால் மத்திய அரசிடம் அறிக்கை கேட்கலாம், அவ்வளவுதான். மற்றபடி பரிந்துரை. ஆனால் சத்தியமங்கலம் மலைக்கு வாருங்கள். வீரப்பன் தேடலில் அதிரடிப்படையிடம் சிக்கிய சனங்களுக்கு, சுப்ரீம் கோர்ட்டுக்கே நேராகப் போகலாம் என்கிற 32ஆம் பிரிவும் இருக்கத்தான் செய்தது. டெல்லி எங்கே, தாளவாடி எங்கே? 1999இல் அந்தப் பல்லில்லாத கமிஷன் அமைத்த சதாசிவா குழுதான் அவர்கள் பேச்சைக் கேட்டு எழுதிக்கொண்டது. 2007இல் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் தரச் சொன்னது கமிஷன். போதுமா என்பது வேறு விஷயம். அவர்கள் வாக்குமூலம் அரசாங்கத் தாளில் ஏறிவிட்டது.

கோர்ட் வழிக்கு வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூனில் நடந்த கொடுமைக்கு 2011இல் தீர்ப்பு. மேல்முறையீடு முடிய 2023 ஆயிற்று. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே செத்துப்போனார்கள்.

"மூணாம் பாகத்தைப் பலப்படுத்தலாமுங்க. மொதல்ல அந்த 22ஐ அடிச்சு எழுதுங்க. கமிஷனை ஒழிக்கறதுக்குப் பதிலா அந்த ஓராண்டுக் கெடுவை எடுத்துப் போடுங்க" என்றேன். நண்பர் பதில் சொல்லவில்லை. இரண்டு டீக்கும் அவரே காசு கொடுத்தார்.