கடத்தல் யாருக்குச் சிரிப்பு?
– ‘சூது கவ்வும்’ படத்தை முன்வைத்து

நலன் குமரசாமி இயக்கிய ‘சூது கவ்வும்’ படத்தைப் பற்றி இதுவரை இரண்டு விதமாகத்தான் பேசியிருக்கிறார்கள். ஒரு கூட்டம் கொண்டாடியது. பாடம் நடத்தாத படம், நாயகனுக்குத் துதி பாடாத படம், குறும்படத் தலைமுறையின் வெற்றி என்றது. இன்னொரு கூட்டம் முகம் சுளித்தது. கடத்துகிறவன் தண்டனை இல்லாமல் தப்புகிறான், நேர்மையான மந்திரி வீட்டுக்குப் போகிறார், பார்க்கிற பிள்ளைகள் கெட்டுப்போகும் என்றது. இரண்டு கூட்டமும் ஒரு கேள்வியைக் கேட்கவே இல்லை. ஆள்கடத்தலை வேடிக்கையாகப் பார்க்க முடிகிறவர்கள் யார்? அந்தச் சொல்லைக் கேட்டதுமே வயிறு கலங்குகிறவர்கள் யார்? உளுந்தூர்பேட்டைப் பக்கத்துக் காலனியிலிருந்து போய்ப் படம் பார்த்தவன் என்ற முறையில் நான் அங்கிருந்துதான் தொடங்க முடியும்.

கதை தெரிந்ததுதான். தாஸ் (விஜய் சேதுபதி) சின்ன அளவில் ஆள்கடத்துகிறவன். இல்லாத ஒரு காதலியோடு பேசிக்கொண்டு திரிகிறவன். தொழிலுக்கு விதிகள் வைத்திருக்கிறான். அதிகாரத்தில் இருப்பவர்கள் மேல் கை வைக்கக் கூடாது என்பது அதில் முக்கியமானது. வேலை போன இருவர், நயன்தாராவுக்குக் கோயில் கட்டி ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட ஒருவன் என்று மூன்று பேர் அவனோடு சேர்கிறார்கள். மந்திரியின் மகனைக் கடத்தும் வேலை வருகிறது, விதி உடைகிறது. போய்ப் பார்த்தால் அந்த மகன் அருமைப்பிரகாசம் தன்னைத் தானே கடத்திக்கொண்டு அப்பனிடம் பணம் பறிக்கத் திட்டம் போட்டிருக்கிறான். கடத்துகிறவர்களைவிடக் கடத்தப்பட்டவன் பெரிய ஆள்!

ஆள்கடத்தலை வைத்துச் சிரிப்புக் காட்டுவது தமிழ் சினிமாவுக்குப் புதிதல்ல. 2005 ஏப்ரல் 14 அன்று கமல்ஹாசனின் ‘மும்பை எக்ஸ்பிரஸ்’ வந்தது. அதுவும் கடத்தல் கோமாளித்தனம்தான். ‘சந்திரமுகி’யோடு ஒரே நாளில் வந்து தோற்றுப்போனது. அதன் நகைச்சுவையைப் பற்றிப் பேசியதைவிடப் பெயரைப் பற்றித்தான் அன்று அதிகம் பேசினார்கள். தமிழ்ப் பாதுகாப்பு இயக்கம் என்ற பெயரில் மருத்துவர் ராமதாசும் தொல். திருமாவளவனும் ஒரே மேடையில் நின்று, படத்துக்குத் தமிழில் பெயர் வை என்று கேட்ட காலம் அது. எங்கள் வட்டாரத்தில் ஊரும் சேரியும் ஒரே கோரிக்கையைச் சொன்ன அபூர்வமான நாட்கள்.

எட்டு வருஷம் கழித்து, சுத்தமான தமிழ்ப் பெயரோடு ஒரு கடத்தல் படம் வருகிறது. அதற்குள் அந்த மேடை சிதறிவிட்டது. 2012 நவம்பர் 7-ஆம் தேதி தருமபுரி மாவட்டத்தில் நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி காலனிகள் எரிக்கப்பட்டன. காரணம் ஒரு காதல் திருமணம். அடுத்த மாதமே ராமதாஸ் பல சாதித் தலைவர்களைத் திரட்டினார். ஜீன்ஸ், டீ சர்ட், கூலிங் கிளாஸ் போட்டு நம் பையன்கள் பெண்களை மயக்குகிறார்கள் என்ற பேச்சு அப்போதுதான் ஊரெல்லாம் பரவியது. ‘நாடகக் காதல்’ என்ற சொல் பிறந்து வளர்ந்தது. 2013 ஏப்ரல் 25-இல் மரக்காணம் எரிந்தது. ஏப்ரல் 30-இல் விழுப்புரத்தில் ராமதாஸ் கைதானார். பஸ்களுக்குத் தீ வைத்தார்கள். வடமாவட்டங்களில் இராத்திரி பஸ் நின்றது. அப்போது எங்கள் ஊர் விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருந்தது. மறுநாள் மே 1, ‘சூது கவ்வும்’ வெளியானது. சென்னையில் எழுதப்பட்ட விமர்சனங்கள் எதிலும் இந்தத் தேதிகள் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்படவில்லை.

எங்கள் பக்கம் கடத்தல் என்றால் என்ன? காலனிப் பையனும் குடியானத்தெருப் பெண்ணும் சேர்ந்து ஊரைவிட்டுப் போனால் அடுத்த நாள் காலையில் ஸ்டேஷனில் எழுதப்படுவது ஆள்கடத்தல் வழக்கு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 366-ஆவது பிரிவு, பத்தாண்டு வரை சிறை. பெண் தன் விருப்பத்தோடு போனாள் என்பதை அவளே வந்து சொல்கிறவரைக்கும் பையனின் அம்மாவும் அக்காவும் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவள் வந்து சொல்ல விடுவார்களா என்பது வேறு கதை. படத்தில் ஜீன்ஸ் போட்ட நாலு பேர் வேனில் ஆள் தூக்குகிறார்கள், தியேட்டர் சிரிக்கிறது. வெளியே ஜீன்ஸ் போட்டதே குற்றப்பத்திரிகையாக இருக்கிறது. “டேய், நம்ம ஆளு ஒருத்தன் இப்பிடி மாட்டியிருந்தா படம் இடைவேளைக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கும்” என்று என்னோடு வந்த நண்பன் சொன்னான். இதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நான் எங்கும் படிக்கவில்லை.

அதற்காகப் படத்தைத் தூக்கி எறிந்துவிட முடியாது. பிரம்மா என்ற போலீஸ் பாத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பேசமாட்டான், அடிப்பான். சட்டம் விட்டுவிட்டவர்களைத் தானே முடிக்கப் புறப்படுகிறான். தமிழ் சினிமா வழக்கமாக இவனைத்தான் நாயகனாக்கிக் கைதட்டச் சொல்லும். இந்தப் படத்தில் அவன் எடுத்து வந்த கள்ளத்துப்பாக்கி அவன் உடம்பையே பதம் பார்க்கிறது. அந்த இடத்தில்தான் முன்வரிசையிலிருந்து விசில் கிளம்பியது. ஏன் என்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்திலிருக்கும் விருத்தாசலம் வட்டாரத்தில், கம்மாபுரம் காவல் நிலையத்தில் 1993-இல் குறவர் சமூகத்து ராஜாக்கண்ணு அடித்துக் கொல்லப்பட்டார். ‘ஜெய்பீம்’ வந்த பிறகுதான், 2021-இல், மற்றவர்களுக்கு அது செய்தியானது. 2011 நவம்பரில் திருக்கோவிலூர் போலீசார் மீது நாலு இருளர் பெண்கள் பாலியல் வன்கொடுமைப் புகார் சொன்னார்கள். லாக்கப்பை அறிந்த சனம் போலீசைப் பார்த்துச் சிரிப்பது சாதாரணச் சிரிப்பல்ல. அழவைக்கிற பல ‘சமூகப் படங்கள்’ தராத ஒன்றை இந்தக் கோமாளிப் படம் தந்தது.

ஆனால் அது தன் மனிதர்களுக்குச் சாதி வைக்கவில்லை. தாஸ் யார், எந்தத் தெரு, அப்பன் என்ன வேலை செய்தான்? தெரியாது. சாதியற்ற வெளி என்று இதைப் பாராட்டினால் ஏமாந்தோம். அடையாளம் சொல்லாமல் திரிகிற வசதி ஊர்க்காரனுக்குத்தான் உண்டு. நம்மை எல்லோரும் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள்.

நம் ஆட்கள் படத்தில் வரவில்லை, நம் ஓசை வந்திருக்கிறது. ‘காசு பணம் துட்டு’ பாட்டு கானா பாலாவுடையது, இசை சந்தோஷ் நாராயணன். அதற்கு முந்தைய ஆண்டு இதே தயாரிப்பாளர் சி.வி. குமார், இதே இசையமைப்பாளர், இதே பாடகர் பா. ரஞ்சித்தின் ‘அட்டகத்தி’யில் இருந்தார்கள். அங்கே கானாவுக்கு ஒரு வீடு இருந்தது, தெரு இருந்தது, மாட்டுக்கறி வாசம் இருந்தது. இங்கே அது கூலிக்கு வந்து பாடிவிட்டுப் போகிறது. சாவு வீட்டில் விடியவிடியப் பாடிய குரலைக் கல்யாண மண்டபம் வரை ஆடவைத்தார்கள். பாடியவனின் தெரு மட்டும் வெளியே நின்றது.

கடைசியாகத் தலைப்பு. பாஞ்சாலி சபதத்தில் அர்ச்சுனன் சொல்வதாகப் பாரதி எழுதியதிலிருந்து எடுத்தது. அவன் அதற்கு அடுத்து, தருமம் திரும்ப வெல்லும் என்கிறான். படம் அந்தப் பாதியை வெட்டிவிட்டது. அதுதான் முகம் சுளித்தவர்களின் புகார். நமக்கு அதில் இழப்பில்லை. வெல்லப்போவது எந்தத் தருமம்? எங்கள் பக்கத்து ஊர்களில் ‘சூது துகில்’ கூத்தை ராத்திரி முழுக்க ஆடுவார்கள். விழுப்புரம் அருகே மேல்பாதியில் 2023-இல் தருமராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன நம் இளைஞர்களை அடித்தார்கள். நம்மை விடமாட்டோம் என்றதும் அதிகாரிகள் அந்தக் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். 2024-இல்தான் நீதிமன்றம் சொல்லித் திறந்தது. தருமம் உள்ளே, நாம் வெளியே. இதுதான் நமக்குத் தெரிந்த இரண்டாம் பாதி.

படத்தில் சூதும் வெல்லவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. தாஸ் பழையபடி தெருவில் கடத்திக்கொண்டிருக்கிறான். வென்றவன் அருமைப்பிரகாசம். அப்பனை ஏமாற்றியவன் அப்பனின் இடத்திலேயே மந்திரியாகிறான். இது குற்றத்தின் வெற்றி அல்ல, வாரிசின் வெற்றி. தாஸின் விதி இதைத்தான் சொன்னது. அதிகாரத்தில் இருப்பவன் மேல் கை வைத்தால் லாபமும் அவனுக்கே போகும். இதைப் பார்த்துச் சிரித்தவர்களும் கோபப்பட்டவர்களும், ‘தப்பு செய்தவன் ஜெயிக்கிறான்’ என்று ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொண்டார்கள். 2024 டிசம்பரில் சிவா நடித்து இரண்டாம் பாகம் வந்தது. முதல் படத்தின் வரவேற்பு அதற்கு இல்லை. கோமாளித்தனம் மட்டும் மிஞ்சி, வேலையில்லாத நாலு பேரின் வயிற்றெரிச்சல் காணாமல்போனால் அப்படித்தான் ஆகும்.

நமக்குச் சிரிக்கத் தெரியாது, அழத்தான் தெரியும் என்று நினைப்பவர்கள் உண்டு. கூத்தில் ராஜாவையே கேலி செய்கிற கட்டியங்காரன் யாருடைய ஆள்? 366-இல் உள்ளே போய் வந்தவன், கம்மாபுரத்தை அறிந்தவன், ஒரு கடத்தல் கதையைச் சொல்லிச் சிரிக்கவைக்கட்டும். அன்றைக்குத் தியேட்டரில் யார் சிரிக்கிறார்கள், யார் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்போம்.