'வீவிங்' என்னும் வடிவும் தமிழ் எச்சங்களும்

ஆங்கில இலக்கணத்தில் இன்பினிட்டிவ், ஜெரண்டு, பார்ட்டிசிபிள் என வினையடியாகப் பிறக்கும் முற்றல்லாத வடிவுகள் மூன்று கூறப்படும். இவற்றைத் தமிழ் மாணவர்க்கு விளக்கப் புகுவோர் முறையே செயவெனெச்சம், தொழிற்பெயர், பெயரெச்சம் என நேருக்குநேர் இணைத்துக் காட்டி அமைவது பெருவழக்கு. இவ்விணைப்பு மனப்பாடத்திற்கு எளிதேனும், மொழிபெயர்க்கப் புகுவாரை இடைவழியிற் கைவிடுவது என்பது எம் கருத்து. அதனை 'நெய்' என்னும் வினைகொண்டே காட்டுவாம். காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் நாள்தோறும் நிகழும் வினை அது.

நெய்தல், நெய்து, நெய்யும், நெய்ய எனத் தமிழ் வடிவால் வேறுபடுத்துவனவற்றுள் முதல் மூன்றற்கும் ஆங்கிலம் 'வீவிங்' என்னும் ஒரு வடிவையே வழங்கும். அது பெயரின் இடத்து நின்றால் ஜெரண்டு; பெயரையோ வினையையோ தழுவி நின்றால் பார்ட்டிசிபிள். எனவே ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு வடிவுபற்றியதன்று, தொழிற்பாடு பற்றியதாம்.

ஈண்டுத்தான் இடர்ப்பாடு தோன்றுகிறது. 'வீவிங் வுமன்' என்பது நெய்யும் பெண். 'வீவிங் ஷெட்' என்பது நெய்யும் கொட்டகை. இரண்டும் தமிழிற் பெயரெச்சத் தொடரே. ஆதலின் இரண்டும் பார்ட்டிசிபிள் எனத் துணிவான் மாணவன். ஆனால் கொட்டகை நெய்வதில்லை, நெய்தற்கு இடமாவது. ஆங்கில இலக்கண மரபு பின்னதனை ஜெரண்டு என்றே கொள்ளும். பெயரெச்சம் வினைமுதலை மட்டுமன்றி நிலம், கருவி, காலம், செயப்படுபொருள், வினை ஆகியவற்றையும் கொண்டு முடியும் எனத் தொல்காப்பியர் வகுத்தமை யாவரும் அறிந்ததே. நெய்த நெசவாளர், நெய்த தறி, நெய்த நாள், நெய்த புடைவை எல்லாம் தமிழில் ஒரே எச்சத்தின் முடிபுகள். ஆங்கிலமோ புடைவைக்கு 'வோவன்' எனச் செயப்பாட்டு வடிவை வேண்டும். நாளுக்கும் தறிக்கும் தனி வாக்கியமே அமைத்துக் கொள்ளும். ஆகவே 'பெயரெச்சமாகப் பெயர்க்க இயன்றால் பார்ட்டிசிபிள்' என்னும் சோதனை பிழையானது. தழுவப்பட்ட பெயர் அவ்வினையின் வினைமுதலா என்பதே வினவத்தக்கது.

தொழிற்பெயரிலும் ஒரு குறை உண்டு, அது நம்முடையது. நம் இலக்கண நூலார் தல், கை, வை முதலிய விகுதிகளை ஒரே நிரலில் வைத்தனர். 'பட்டை விரைவாக நெய்தல்' என்புழி நெய்தல் இரண்டாம் வேற்றுமையையும் வினையடையையும் ஏற்கிறது. கரையையும் உடலையும் இணைத்து நெய்யும் முறைக்குக் காஞ்சி நெசவாளர் வழங்கும் 'கோர்வை' என்னும் சொல்லோ 'நல்ல கோர்வை' எனப் பெயரடையையே வேண்டும். 'கரையைக் கோர்வை' எனல் இல்லை. இரண்டும் தொழிற்பெயரே எனினும் முன்னதே ஜெரண்டுக்கு நிகர். பின்னது பொருட்பெயர் அளவிற்கு உறைந்துவிட்டது.

இனி இன்பினிட்டிவ். 'டு வீவ்' என்பது இடத்திற்கேற்ப 'நெய்ய வந்தார்' என எச்சமாகவும், 'நெய்தல் எளிதன்று' எனத் தொழிற்பெயராகவும், 'நெய்தற்குரிய நூல்' எனப் பெயரைத் தழுவியும் பெயர்க்கப்படும். மறுதலையாக, 'மழை பெய்யத் தெருவில் நீட்டிய பாவு நனைந்தது' என்புழிக் காரணப்பொருளில் வந்த செயவெனெச்சத்தை ஆங்கிலத்தில் இன்பினிட்டிவாகப் பெயர்த்தல் இயலாது. போப், ஆர்டன் முதலியோர் தம் தமிழிலக்கணங்களில் செயவெனெச்சத்தை இன்பினிட்டிவ் என்றும், செய்தெனெச்சத்தை வினைப் பார்ட்டிசிபிள் என்றும் பெயரிட்டனர். தமிழ் கற்கும் ஐரோப்பியர்க்கு அது போதியதாயிருந்தது. அப்பெயர்களையே திருப்பி ஆங்கிலம் கற்கும் தமிழர்க்கு வழங்கியதே குழப்பத்தின் ஊற்று. வடமொழியில் 'செய்து' என்பதற்கு நிகரான த்வா ஈற்று வடிவை விட்னி தம் இலக்கணத்தில் (1879) ஜெரண்டு என்றார் என்பதையும் நோக்கின், இப்பெயர்கள் எத்துணை நிலையற்றன என்பது விளங்கும்.

செய்தெனெச்சம் ஒன்றில் மட்டும் இருமொழியும் அணுகி வருகின்றன. 'தறியில் அமர்ந்து நாடா கைக்கு எட்டவில்லை' என்பது வழு. அமர்ந்தது நாடா அன்று. இத்தகைய தொங்கும் பார்ட்டிசிபிளை ஆங்கில ஆசிரியரும் கடிவர். செய்து, செய்யூ, செய்பு என்பன வினைமுதல் வினைகொண்டு முடியும் என்னும் தொல்காப்பிய விதியை அறிந்த மாணவனுக்கு இதனைப் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை. 'ஞாயிறு பட்டு வந்தான்' போன்ற திரிபுகளுக்கும் நம் உரையாசிரியர் இடங்கண்டுள்ளனர். காஞ்சியைச் சேர்ந்தவராகக் கருதப்படும் பரிமேலழகரும் எச்சம் திரிந்து நிற்குமிடங்களைச் சுட்டிச் செல்வார். வடிவைக் கண்டு அமையாது பொருளை நோக்கும் இப்பழக்கமே ஆங்கிலத்திற்கும் வேண்டுவது.

ஹடில்ஸ்டனும் புல்லமும் 2002இல் வெளியிட்ட கேம்பிரிட்சு ஆங்கில இலக்கணம், ஜெரண்டையும் நிகழ்காலப் பார்ட்டிசிபிளையும் வேறு பிரியாது 'ஜெரண்டு-பார்ட்டிசிபிள்' என ஒன்றாக்கியது. ஆங்கிலத்தை அதனளவிலேயே ஆராய்வார்க்கு இது தக்கதே. இதனைக் காட்டி, நம் வகுப்புகளிலும் இப்பகுப்பை விட்டுவிடலாம் என்பாரோடு யாம் உடன்படோம். 'வீவிங்' வந்துழியெல்லாம் தமிழில் பெயர்ப்பவர் நெய்தலா, நெய்தா, நெய்யும் என்பதா எனத் தெரிந்தே எழுத வேண்டும். ஒன்றாக்கப்பட்ட பெயர் அத்தெரிவில் அவருக்கு உதவுவதன்று.