விட்டு விட்டு ஒலிக்கும் பஸ்ஸர்

ஜார்ஜ்டவுன் தெருக்களில் ஓடும்போது சத்தமே இல்லை. பாலிக் புலாவ் மலைப்பாதை வளைவுகளில் மட்டும் பழைய டொயோட்டா ஹைலக்ஸ் டீசல் பிக்கப்பில் பஸ்ஸர் அலறும். கைதேர்ந்த வயர்மேன் உடனே டேஷ்போர்டைக் கழற்றமாட்டார். எப்போது, எந்தச் சரிவில் என்று கேட்பார். பாதி வேலை அந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடும். நான் ரசிப்பதும் அதைத்தான்.

டீசல் ஃபில்டரின் அடியில் காந்தம் வைத்த மிதவை ஒன்று உண்டு. டீசலில் மூழ்கும், தண்ணீரில் மிதக்கும். அடியில் தேங்கிய நீர் வண்டி சாயும்போது ஒருபக்கம் ஏற, மிதவை எழும்பி சுவிட்ச் இணைந்து பஸ்ஸர் ஒலிக்கும், சமதளத்தில் அடங்கிவிடும். அடித்திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அமுக்கினால் முதலில் தண்ணீர் இறங்கும், பிறகு டீசல். அதற்குப் பிறகும் ஒலித்தால்தான், கடற்காற்றில் பச்சை பூத்த வயர் முனைகளைத் தேடவேண்டும்.

எரிச்சலில் பஸ்ஸர் வயரைப் பிடுங்கிவிடாதீர்கள். தண்ணீர் கலந்த டீசல் இன்ஜெக்‌ஷன் பம்பையே அரித்துவிடும்.