ஹோண்டா சி70: பிஸ்டனை விடுங்கள், விளக்கை மாற்றுங்கள்

கூலிமில் ஒருவர் பழைய ஹோண்டா சி70-ஐ வீட்டுத் தாழ்வாரத்தில் பிரித்துப் போட்டிருக்கிறார் என்று தெரிந்தால், சாப்பாட்டுக் கடையில் முதலில் வரும் கேள்வி, "எத்தனை சிசி ஆக்கப் போற?" என்பதுதான். வண்டி ஓடுமா, சாமான் கிடைக்குமா என்பதெல்லாம் பிறகு. என்னிடம் கேட்டவர்களுக்கு 72 சிசியிலேயே விடப்போகிறேன் என்றேன். பாதிப்பேர் சிரித்தார்கள்.

கப்சாய் என்று நாம் சொல்லும் இந்தச் சின்ன வண்டி வேகத்துக்காகப் பிறந்ததே இல்லை. இதன் மூதாதையாக 1958-இல் வந்த சூப்பர் கப்பில் கிளட்ச் பிடியே கிடையாது. ஒரு கையில் நூடுல்ஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு மறு கையால் ஓட்டுகிற ஜப்பானியக் கடைப் பையனுக்கும் அது வசப்பட வேண்டும் என்று நினைத்துச் செய்தார்கள். அந்த வம்சத்தை மலாயாவுக்குக் கொண்டுவந்து விற்றவர் பினாங்கின் லோ பூன் சியூ. பாலம் இல்லாத காலத்திலும் பினாங்குச் சரக்கு பட்டர்வொர்த் வழியாகக் கூலிமுக்கு வந்துகொண்டுதான் இருந்தது. விக்டோரியா, ஹென்ரியட்டா, டப்ளின் என்று இங்குள்ள தோட்டங்களில் சைக்கிளுக்கு அடுத்து லயத்து வாசலில் நின்றது இந்த மாதிரி வண்டிதான். 2017-இல் உலகம் முழுக்க சூப்பர் கப் வம்சத்தின் உற்பத்தி பத்துக் கோடியைத் தாண்டியது. வேறெந்த மோட்டார் வண்டியும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை.

தோட்டத்து வண்டியை வாங்குவதில் ஒரு சிக்கல் உண்டு. ரப்பர்ப் பால் உறையாமலிருக்க அம்மோனியா, உறைய வைக்க ஃபார்மிக் அமிலம். பின் கேரியரில் வருடக்கணக்காக இவை சிந்தினால் இரும்பு என்ன ஆகும்? சி70-இன் சட்டம் குழாயால் ஆனதல்ல. அழுத்தி வடித்த இரண்டு தகட்டு ஓடுகளை ஒட்டவைத்தது. துரு உள்ளேயிருந்து தின்னும், வெளியே பெயின்ட் பளபளக்கும். பின் மட்கார்டின் உட்புறம், பேட்டரிப் பெட்டி, பின் ஷாக் மேலே மாட்டுமிடம் ஆகிய மூன்றையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். செயின் மட்டும் முழு மூடிக்குள் இருப்பதால் தோட்டத்துச் செம்மண்ணுக்குத் தப்பியிருக்கும்.

எஞ்சின் பக்கம் வந்தால், வீட்டில் வேலை செய்ய இதைவிடச் சுலபமான எஞ்சினை நான் பார்த்ததில்லை. சிலிண்டர் கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில் முன்னோக்கி நீண்டிருக்கிறது. ஹெட்டைக் கழற்ற எஞ்சினை இறக்கவே வேண்டாம். கழற்றும் முன் ஒரு கருவியை மட்டும் வாங்கிவிடுங்கள்: ஜப்பானிய அளவு ஸ்டார் முனை வைத்த இம்பேக்ட் டிரைவர். சாதாரண ஸ்டார் டிரைவர் இந்த ஸ்க்ரூக்களின் தலையில் முழுதாக உட்காராது. நாற்பது வருடம் இறுகிக் கிடந்த கவர் ஸ்க்ரூவின் தலையை வழித்துவிட்டுத்தான் ஓயும்.

மறுபடி பூட்டும்போது கேம் ஸ்ப்ராக்கெட்டில் உள்ள ‘ஓ’ குறி ஹெட்டின் வெட்டுக்கு நேரே நிற்க வேண்டும், ஃபிளைவீலில் ‘டி’ குறியும் அதே நேரத்தில் பொருந்த வேண்டும். ஹெட்டின் நான்கு நட்டுகளில், எண்ணெய் ஏறும் தடத்தில் இருக்கும் ஒன்றுக்குச் செம்பு வாஷர். அதை இடம் மாற்றிப் போட்டால் எண்ணெய் கசியும். முறுக்கு 9 முதல் 12 நியூட்டன் மீட்டர், அதாவது கை பலத்தைக் காட்ட வேண்டிய இடமே இல்லை. வால்வு இடைவெளி 0.05 மி.மீ., எஞ்சின் குளிர்ந்த நிலையில். எண்ணெய் ஏறத்தாழ 0.8 லிட்டர். கிளட்ச் அந்த எண்ணெயிலேயே நனைவதால், ஜேஏஎஸ்ஓ எம்ஏ என்று போட்ட மோட்டார் சைக்கிள் எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். காருக்கு வாங்கியதில் மீதமிருக்கிறதே என்று ஊற்றினால் கிளட்ச் வழுக்கும்.

இனி அந்த சிசி விவகாரம். சி70-இன் பிஸ்டன் 47 மி.மீ., ஸ்ட்ரோக் 41.4 மி.மீ. ஜப்பானியக் கிட்டும் அதைப் பார்த்துச் செய்த மலிவான கிட்டும் 52 மி.மீ. பிஸ்டன் தருகின்றன, கணக்குப் போட்டால் 88 சிசி. காகிதத்தில் 22 சதவீதம் கூடுதல். காற்றை எதிர்த்து ஓடத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுவதால், சக்தி முழுதாக 22 சதவீதம் கூடினாலும் உச்ச வேகம் 7 சதவீதம்தான் கூடும். மணிக்கு 70 கி.மீ. போனது 75 போகும். கார்புரேட்டரும் வால்வும் பழைய அளவிலேயே இருந்தால் அதுவும் வராது. லூனாஸிலிருந்து பாடாங் செராய் வரை ஒரு நண்பரின் 88 சிசி வண்டியை ஓட்டிப் பார்த்தேன். பின்னால் ஆள் உட்கார்ந்திருக்கும்போது இரண்டாம் கியரில் இழுவை நன்றாகவே இருந்தது, அதை மறுக்க மாட்டேன். மூன்றாம் கியருக்கு மாற்றியதும் என் வண்டிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சத்தம் மட்டும் வேறு.

அந்தக் காசை மின்சாரத்தில் போடுங்கள். பழைய சி70 6 வோல்ட் வண்டி. அதே வாட் விளக்குக்கு 12 வோல்ட் வண்டியைப்போல இரு மடங்கு மின்னோட்டம் வேண்டும், ஆகவே பச்சை பூத்த பழைய வயர்களில் வீணாவது நான்கு மடங்கு. இருட்டில் செம்பனைக் காட்டு வழியே வரும்போது அந்த விளக்கு அடுத்த குழியைக்கூடக் காட்டாது. பின்னாளில் வந்த 12 வோல்ட் கப்சாயின் ஸ்டேட்டர், ஃபிளைவீல், சிடிஐ, ரெகுலேட்டர், புது வயர் கட்டு எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாக மாற்றினேன். ஃபிளைவீலைக் கழற்ற அதற்குரிய புல்லர் வேண்டும், சுத்தியல் போட்டால் கிராங்க் போய்விடும். பாயின்ட்டைத் தேய்த்து 0.3 முதல் 0.4 மி.மீ. இடைவெளி வைக்கும் வேலையும் இதோடு ஒழிந்தது. பழமை விரும்பிகள் கோபித்துக்கொள்வார்கள். அவர்கள் இரவில் ஓட்டுவதில்லை என்று நினைக்கிறேன்.

குரோம், ஸ்டிக்கர், சீட்டெல்லாம் அவரவர் ரசனை. டயரில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

ஓட்டம் எப்படி? மண்பாதையில் அருமை. 17 அங்குலச் சக்கரம் வேர்களைத் தாண்டிப் போகிறது, குதிகாலாலும் முன்பாதத்தாலும் மிதித்துக் கியர் மாற்றுவது ஒரே நாளில் பழகிவிடும். ஹைடெக் பார்க் தொழிற்பேட்டையில் ஷிப்ட் விடும் நேரத்தில் லாரிகளுக்கும் புது வண்டிகளுக்கும் நடுவே மாட்டினால் கதை வேறு. 110 மி.மீ. டிரம் பிரேக்தான் இந்த வண்டியின் உண்மையான எல்லை. முன் பிரேக்கை அழுத்தினால் முன்பக்கம் தாழ்வதற்குப் பதில் எழும்புகிறது. முன் சஸ்பென்ஷனின் அமைப்பு அப்படி, பழுதல்ல. ஆனால் முதல் தடவை வயிற்றைக் கலக்கும். புது ஷூ போட்டு, டிரம்மைக் கடைந்து சரிசெய்த பிறகும் முன்னால் போகும் வண்டிக்குத் தாராளமாக இடம் விட்டே ஓட்டுகிறேன். 88 சிசிக்காரர்கள் இதே பிரேக்கை வைத்துக்கொண்டு பேசுவது எனக்கு விளங்கவில்லை.

எஞ்சினையே மாற்றி 110 அல்லது 125 சிசி சீன எஞ்சின் போடுவோரும் உண்டு. மாட்டுவது கடினமல்ல, காகிதம்தான் கடினம். எஞ்சின் எண் கிரானத்தில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழில், பதிவானது. மாற்ற ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதியும் வண்டிப் பரிசோதனையும் வேண்டும். ஆகவே வாங்கப் போகிறவர் பிஸ்டனைப் பற்றிக் கேட்பதற்கு முன், கிரானத்தைக் கையில் வாங்கி, சேசி எண்ணையும் இடப்பக்கம் கிராங்க்கேஸின் அடியில் உள்ள எஞ்சின் எண்ணையும் துணியால் துடைத்து ஒவ்வோர் எழுத்தாக ஒத்துப் பார்க்கட்டும். பெயின்ட் கெட்டியாகப் பூசி எண் தெரியாமலிருந்தால் பேரம் பேச வேண்டாம், வீட்டுக்குப் போய்விடலாம்.