குடி மாறியது தெரியாமல்

பழைய லேப்டாப்களின் ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும். அதன் முள் அங்குமிங்கும் ஓடித்தான் படிக்கும். அதற்குப் பதிலாகப் பொருத்தும் எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டும் இல்லை, ஓடும் முள்ளும் இல்லை; அதனால் வேகம்.

பழைய டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் அப்படியே எஸ்எஸ்டிக்குக் கொண்டுபோக வேண்டுமே? தைவானில் பிறந்த குளோன்சில்லா என்ற மென்பொருள் இந்தக் குடிமாற்றத்தை இலவசமாகச் செய்து கொடுக்கிறது. பென்டிரைவிலிருந்தே கிளம்பி, காலி இடங்களைத் தாண்டி, தகவல் உள்ள பகுதிகளை மட்டும் பொறுக்கி நகலெடுக்கும். சாமர்த்தியமே அதில்தான். முரண்டும் உண்டு: புது டிரைவ் பழையதைவிடச் சிறியதென்றால் லேசில் ஒத்துக்கொள்ளாது.

எதிலிருந்து எதற்கு என்று கேட்டுவிட்டு, நிச்சயம்தானா என்று மறுபடி மறுபடி கேட்கும். எரிச்சல்தான். ஆனால் மாற்றிச் சொல்லிவிட்டால் வெற்று டிரைவ் நிறைந்ததன்மேல் ஏறிவிடும். கல்யாணப் படங்கள் கோவிந்தா!

வேலை முடிந்து, எஸ்எஸ்டியைப் பொருத்தி, பட்டனை அழுத்தினால் அதே முகப்புப் படம், அதே ஐகான்கள். பழைய டிஸ்க்கை மட்டும் ஒரு மாதமாவது அழிக்காமல் வைத்திருங்கள்.