கட்டு தரும் விடுப்பு

ஓசூரில் கால் பிசகினால் அதற்கு மூன்று பெயர். தமிழில் சுளுக்கு, கன்னடத்தில் உளுக்கு, தெலுங்கில் பெணுக்கு. சிப்காட் ஷிப்டு முடிந்து வருகிற தொழிலாளி எந்த மொழி பேசினாலும் பலர் நாடுவது ஒரே வைத்தியத்தைத்தான்: எண்ணெய் தேய்த்து நீவல், அதன்மேல் ஒரு கட்டு. ஆந்திரத்துப் புத்தூரின் பெயரைத் தாங்கிய கட்டுக்கு எல்லை தாண்டியும் செல்வாக்கு உண்டு.

அந்த நம்பிக்கையில் நியாயம் இருக்கிறது. கம்பெனி பஸ்ஸிலிருந்து அவசரமாக இறங்கும்போது பாதம் உட்பக்கமாக மடிகிறது. எலும்போடு எலும்பைப் பிணைக்கும் தசைநார், கணுக்காலின் வெளிப்புறத்தில் இழுபட்டு நைகிறது. முட்டை வெள்ளைக்கரு தோய்ந்த துணி காய்ந்து இறுக, மூட்டு அசையாமல் நிற்கிறது. பெயர் மூலிகைக்குப் போனாலும், வேலை செய்வது அந்த அசையாமைதான். இன்னொன்றும் உண்டு: கட்டுப் போட்ட காலைப் பார்த்தால் சூப்பர்வைசரே லைனில் நிற்கச் சொல்லத் தயங்குவார்.

குறைகளும் சிறியவை அல்ல. பாரம் தூக்கி இடுப்பில் பிடித்துக்கொள்வது தசையிலோ தசைநாணிலோ ஏற்படும் காயம். அதுவும் இங்கே சுளுக்குதான், அதற்கும் நீவல்தான். உள்ளே ரத்தம் கசியும் முதல் இரண்டு மூன்று நாளில் அழுத்தி நீவினால் வீக்கம் ஏறும். கட்டு இறுகி விரல் மரத்தாலும் நீலம் பாய்ந்தாலும் உடனே அவிழ்க்க வேண்டும். 'பொறுத்துக்கொள்' என்பது ஆபத்து. லேசான சுளுக்கை வாரக்கணக்கில் கட்டிவைத்தால் மூட்டு விறைத்துப்போகும்.

பெரிய குறை, எலும்பு முறிந்திருக்கிறதா என்று பாராமலே கட்டுவது. 1992இல் கனடாவின் ஒட்டாவாவில் வகுத்த விதி எளிது. கணுக்காலில் வலி இருந்து, இருபுறமும் புடைத்திருக்கும் எலும்பின் நுனியிலோ, பின்விளிம்பில் கீழ் 6 செ.மீ.க்குள்ளோ அழுத்தினால் வலித்தால், அல்லது நான்கு அடி எடுத்துவைக்க முடியாவிட்டால், எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இதற்குத் தேவை கட்டைவிரல் ஒன்றுதான். வைத்தியரிடம் அது பழகிய கட்டைவிரலாகவே இருக்கிறது.

இங்கிலீஷ் வைத்தியமும் மார்தட்ட முடியாது. 1978இல் ஓய்வோடு ஐஸையும் பரிந்துரைத்த அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின், ஐஸ் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று 2014இல் தாமே திருத்திக்கொண்டார். வலி ஊசி போட்டுக்கொண்டு அன்றிரவே ஷிப்டுக்குப் போனால் வலி அடங்கும், கால் ஆறாது.

ஆற நாள் வேண்டும். நாளுக்குக் கூலி யார் தருவது? 1948இன் இஎஸ்ஐ சட்டம், விபத்து நாளைக் கழித்துக் குறைந்தது மூன்று நாளாவது வேலை செய்ய முடியாமல் போனால்தான் பணிக்காயத்துக்கான தற்காலிக ஊனப் படியைத் தந்தது. இரண்டு நாள் சுளுக்கு தொழிலாளியின் சொந்தச் செலவு. வேலைக்கு வந்தால்தான் கூலி என்றிருக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்த இரண்டு நாளே பாரம்.

வைத்தியசாலைக்குப் போகாதே என்று சொல்பவர்கள், அந்தக் கட்டு வாங்கித் தரும் விடுப்பை வேறு வழியில் வாங்கித் தந்துவிட்டுச் சொல்லட்டும்.