மூடுபனியைக் கெடுக்காத பெட்டி

இலங்கை மலையகத்து நோட்டன் பிரிட்ஜ் அணையைத் தாண்டி இறங்கும் கெஹெல்கமு ஓயா, மஸ்கெலி ஓயாவைச் சேர்த்துக்கொண்டு களனி கங்கையாகிக் கித்துல்கலைக்குப் போகிறது. அங்கேதான் டேவிட் லீன் ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் க்வாய்’ படத்துக்குப் பாலம் கட்டினார். 1957-ல் அதை ரயிலோடு சேர்த்துத் தகர்க்கவும் செய்தார். மட்டக்களப்பு அமிர்தகழியைச் சேர்ந்த ஒரு பையன் பள்ளிச் சுற்றுலாவில் அந்தப் படப்பிடிப்பைக் கண்டு சொக்கிப்போனதும், அவரே பின்னாளில் பாலு மகேந்திரா ஆனதும் ரசிகர்களுக்கு மனப்பாடம்.

படத்தின் 60ஆவது ஆண்டையொட்டி 2017 ஒக்டோபரில் சோனி அதை 4கே ப்ளூ-ரேயாக வெளியிட்டது. கதை நடப்பது தாய்லாந்துக் காட்டில் என்று படம் எவ்வளவு சாதித்தாலும், அந்தப் பச்சையைப் பார்த்த மலையகத்தான் ஏமாறமாட்டான். ஆற்றோரத்து இலைகளின் ஈரம், வெயில் பட்ட பாறை, கைதிகளின் தோளில் மினுங்கும் வியர்வை எல்லாம் பக்கத்து ஊரில் நேற்று எடுத்தவை போல இருக்கும். அந்த இறுவட்டை அன்றைக்கு ஆகச் சிறப்பாக ஓட்டக்கூடிய பெட்டி எது என்று கேட்டால், விஷயம் தெரிந்த பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் ஒப்போ யூடிபி-203 என்றுதான் சொல்லியிருப்பார்கள். அடுத்த ஆறே மாதத்தில், 2018 ஏப்ரல் 2ஆம் திகதி, இனிப் புதிய கருவிகள் செய்யப்போவதில்லை என்று ஒப்போ டிஜிட்டல் அறிவித்தது.

இந்த இழப்பைப் பற்றிப் பேசினால் செல்போன்காரர்களைச் சொல்கிறீர்களா என்று கேட்பவர்கள் உண்டு. பெயரளவில் உறவுதான். ஆனால் கலிபோர்னியாவில் ஒரு சின்னக் கூட்டமாக உட்கார்ந்து பிளேயர் செய்தவர்களின் குணமே வேறு. 2005-ல் வந்த டிவி-971எச் வெறும் 199 டொலர். அதற்குள் படத்தைச் சீராக்கும் ஃபரூஜா சிப்பைப் போட்டு, பல மடங்கு விலையுள்ள பெட்டிகளின் வயிற்றில் புளியைக் கரைத்தார்கள். 2009-ல் பிடிபி-83 வந்தது. அதை லெக்சிகன் நிறுவனம் அப்படியே எடுத்து, முகப்பை மட்டும் மாற்றி, பிடி-30 என்ற பெயரில் 3,500 டொலருக்கு விற்ற கூத்து 2010-ல் அம்பலமானது. மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒப்போவின் பெட்டி, சட்டகத்தோடு, முழுசாக. ஒப்போவுக்கு அதைவிடப் பெரிய நற்சான்றிதழ் யார் கொடுக்க முடியும்?

203-ஐ ஓட்டிப் பார்த்தவர்கள் முதலில் சொல்வது அதன் தட்டைப் பற்றித்தான். மலிவுப் பிளேயரின் தட்டு நடுங்கிக்கொண்டு வரும். விரல் பட்டால் ஆடும். இது ஒரே சீராக வெளியே வந்து, சத்தமில்லாமல் உள்ளே போகும். ரிமோட்டை மேசையிலிருந்து எடுத்த மாத்திரத்தில் அதன் பட்டன்களுக்குப் பின்னால் வெளிச்சம் வரும். இருட்டில் தடவ வேண்டியதில்லை. பெரிய திரையில் அகலப் படம் போடுகிறவர்களுக்காக சப்டைட்டிலை மேலும் கீழும் நகர்த்தும் வசதி இருந்தது. ‘சோர்ஸ் டிரெக்ட்’ என்று வைத்துவிட்டால், வட்டில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே அனுப்பிவிட்டுப் பெட்டி ஒதுங்கிக்கொள்ளும். எஸ்ஏசிடி, டிவிடி ஓடியோ என்று எந்த இசை வட்டைப் போட்டாலும் முகம் சுளிக்காது.

இன்ஃபோ பட்டன் தனிக் கதை. அதை அழுத்தினால் படம் வினாடிக்கு எத்தனை மெகாபிட்டில் ஓடுகிறது என்று திரையிலேயே காட்டும். இரண்டு பேர் அறைக்குள் இருந்து பேசும் காட்சியில் எண் தாழ்ந்து கிடக்கும். மழை தொடங்கட்டும், புகை எழும்பட்டும், காற்றில் மரம் அசையட்டும், எண் விறுவிறுவென்று ஏறும். படத்தைப் பார்ப்பதா எண்ணைப் பார்ப்பதா என்று வீட்டார் சண்டை பிடித்தாலும், அந்த ஏற்றத்தைக் கண்டு ரசிக்கிறவனுக்கு அதுவும் ஒரு காட்சிதான். சுருக்கும் பொறிக்கு ஆகக் கடினமான வேலை மழையும் இலையும் பனியும். நோட்டன் பிரிட்ஜில் இருப்பவை அவை மூன்றும்தான்.

மூடுபனி விஷயத்தில் மலையகத்து ரசிகரை யாரும் ஏய்க்க முடியாது. காலையில் கதவைத் திறந்தால் அணைக்கட்டுக்கு மேலே நிற்பது அதுதான். வெள்ளையிலிருந்து சாம்பலுக்கு, சாம்பலிலிருந்து தேயிலையின் கரும்பச்சைக்கு, கோடு எங்கே என்று தெரியாமல் கரையும். ஸ்ட்ரீமிங்கில் அதே பனி வட்டம் வட்டமாக, படிப் படியாக உடையும். பனிக்கு நடுவில் வரைபடத்து உயரக் கோடுகள் போட்டது போல இருக்கும். 4கே என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும், இணையத்தில் வருவது பொதுவாக வினாடிக்கு 15 முதல் 25 மெகாபிட். 100 ஜிபி வட்டில் உச்ச அளவு 128. ஒலியில் வித்தியாசம் இன்னும் கூடுதல்: இணையத்தில் வரும் டொல்பி அட்மோஸ் சுருக்கிச் சிதைத்த வடிவம், வட்டில் இருப்பது கலவை மேடையை விட்டு வெளியே வந்தது போலவே இருக்கிறது. தகரக் கூரையில் மழை கொட்டும்போது எதுவுமே கேட்காது என்பது வேறு கதை.

இத்தனையும் சொன்ன பிறகு வாய்விட்டுக் குறைப்பட வேண்டிய ஒன்று இருக்கிறது. லீனின் படத்துக்கு 4கே வட்டு இருக்கிறது. அவரைப் பார்த்துக் கேமராவை எடுத்தவரின் படங்களுக்கு என்ன இருக்கிறது? ‘மூன்றாம் பிறை’ 1982-ல் பாலு மகேந்திராவுக்கு ஒளிப்பதிவுக்கான தேசிய விருதைக் கொடுத்த படம். கேத்தி ரயில் நிலையத்து மழையும் நீலகிரிப் பனியும் அந்தப் படத்தின் உயிர். அதற்கு முன் 1980-ல் வந்த ‘மூடுபனி’, இளையராஜாவின் 100ஆவது படம். இவற்றைத் தமிழ் ரசிகன் பார்த்ததெல்லாம் கழுவிப்போன நிறத்தில், மூலையில் கம்பெனி முத்திரை குத்திய டிவிடியில். நல்ல பிரதியைத் தேடி எடுத்து, சுத்தம் செய்து, ஒழுங்காக வட்டில் ஏற்ற வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. 1993-ல் லண்டன் தீவிபத்தில் சத்யஜித் ராயின் அப்பு படங்களின் நெகட்டிவ் கருகியது. மிஞ்சியதை ஒவ்வொரு சட்டமாக மீட்டு 2015-ல் கிரைட்டீரியன் நிறுவனம் வெளியிட்டது. எரிந்த படத்துக்கு அந்த யோகம்!

தமிழ் டிவிடிகளின் லட்சணத்தை அறியாதவர் இல்லை. அகலப் படத்தை 4:3 சட்டத்துக்குள் அடக்கி, மேலும் கீழும் கறுப்புப் பட்டை வைத்து அச்சடித்திருப்பார்கள். அதை இன்றைய டீவியில் போட்டால் நாலு பக்கமும் கறுப்பு. நடுவில் தபாலட்டை அளவுக்குப் படம். மூன்று படங்களை ஒரே வட்டில் திணித்தவர்களும் உண்டு. லண்டனிலிருந்து வந்த ஐங்கரன் டிவிடிகள் ஒப்பீட்டளவில் மேல். டிடிஎஸ் ஒலியோடு வந்தவற்றைக் கொழும்பில் கண்டுபிடித்தால் விலை பேசாமல் வாங்கியவர்கள் இருந்தார்கள். 2007-ல் மோசர் பேயர் இந்தியாவில் விசிடியை 28 ரூபாவுக்கும் டிவிடியை 34 ரூபாவுக்கும் இறக்கியது. திருட்டு கொப்பிக்காரனையே திணறடித்த விலை. அந்தக் கம்பெனியும் 2018-ல் கலைப்புக்குப் போனது, ஒப்போ கடையைக் கட்டிய அதே ஆண்டில்.

தமிழ் ரசிகனுக்கு ஒப்போ ஏன் உயர்ந்தது என்பதற்கு விடை இங்கேதான். வெளிநாட்டு இதழ்கள் அதன் 4கே திறமையைக் கொண்டாடின. நமக்கு அது முக்கியமே இல்லை. நம் படங்கள் இருப்பது டிவிடியில். அந்தத் தேய்ந்த டிவிடியை மரியாதையாக எடுத்து, பின்னல் கோடுகளை அவிழ்த்து, தபாலட்டையைத் திரை நிறைய விரித்துக் காட்டிய பெட்டி அது. அமெரிக்கக் கணக்கில் அச்சான என்டிஎஸ்சி வட்டானாலும் நம்மூர் பால் வட்டானாலும் தடுமாறவில்லை. ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ போன்ற ஒரு படம், ஒலிப்பதிவுக்குத் தேசிய விருது பெற்றது, ஏ.எஸ். லக்ஷ்மி நாராயணனும் வி.எஸ். மூர்த்தியும் கலந்தது; சுமாரான டிவிடியிலும் அதன் ஓசைகள் அறைக்குள் இடம் பிரிந்து நிற்பதை நல்ல பிளேயரும் ஐந்து ஸ்பீக்கரும் இருந்தவர்கள் கேட்டார்கள்.

நோட்டனில் இந்தப் பிளேயர் மோகம் பணக்காரர் விளையாட்டு மட்டும் அல்ல. படத்தைக் கூடி உட்கார்ந்து பார்க்கும் பழக்கம் தோட்டத்துக்கு எப்போதும் உண்டு. திருவிழா, தீபாவளி என்றால் ஹட்டனிலோ மஸ்கெலியாவிலோ டெக்கும் டீவியும் வாடகைக்கு எடுத்து, லயத்து வாசலில் மூன்று நான்கு படம் விடிய விடிய ஓடும். கொப்பிக்குக் கொப்பி எடுத்த கசெட். முகம் தெரியாது, வசனம் மட்டும் தெரியும். விமலசுரேந்திர மின்நிலையம் 1965 முதல் 50 மெகாவாட் உற்பத்தி செய்துகொண்டிருந்தது. அதைச் சுற்றியிருந்த லயங்கள் பலவற்றுக்கு மின்சாரம் வந்தது வெகு காலம் கழித்து. அதனால் படம் போடும் இரவில் ஜெனரேட்டரும் வாடகைக்கு வந்தது. பிறகு விசிடி, டிவிடி, மத்திய கிழக்கிலிருந்து வந்தவர்கள் தூக்கிவந்த செட்டுகள். அந்தப் படிகளில் ஏறி வந்தவன் நல்ல பிளேயர் ஒன்றுக்கு ஆசைப்பட்டதில் வியப்பில்லை.

ஒப்போ பைத்தியத்தை ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு. 2018-ல் வந்த பானசோனிக் டிபி-யுபி9000தான் அரசன் என்பது ஒரு கட்சி. புரொஜெக்டர் வைத்திருப்பவர்கள் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. மிகைப் பிரகாசத்தைத் திரைக்கு ஏற்ற அளவுக்கு அடக்கித் தரும் அதன் வித்தை ஒப்போவிடம் அந்த அளவுக்கு இல்லை. ஆனால் எஸ்ஏசிடியைப் போட்டால் கைவிரிக்கும் பெட்டியை அரசன் என்பது எப்படி? எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்கில் ஏற்றிவிட்டோம், இனிப் பெட்டி எதற்கு என்பது இன்னொரு கட்சி. ஹார்ட் டிஸ்க் ஒருநாள் ‘டிக் டிக்’ என்று சத்தம் போடும்போது அவர்களோடு பேசிக்கொள்ளலாம். பிளேஸ்டேஷனே போதும் என்பவர்களோடு பேச ஒன்றுமில்லை.

ஒப்போ போன பிறகு வரிசையாகப் போனார்கள். 2019 பெப்ரவரியில் அமெரிக்கச் சந்தைக்கு இனிப் புதிய பிளேயர் இல்லை என்றது சாம்சங். 2022-ல் ஒன்கியோ திவாலானது. வட்டைத் தபாலில் அனுப்பித் தொடங்கிய நெட்ஃபிளிக்ஸ் 2023 செப்டம்பரில் அந்தத் தபாலை நிறுத்தியது. 2024-ல் எல்ஜியும் கழன்றுகொண்டது. அடிப்படைக் காரணம் சிப்பில் இருக்கிறது. 203-க்காக மீடியாடெக்கோடு சேர்ந்து ஒரு சிப்பை உருவாக்கினார்கள். அப்படி ஒன்றைச் செய்யப் பெட்டிகள் இலட்சக்கணக்கில் விற்க வேண்டும். விற்பனை விழுந்ததும் புதுச் சிப் வரைய ஆள் இல்லை. இன்று கனத்த விலையில் வரும் மாக்னெட்டார் பிளேயர்களிலும் அதே தலைமுறை மீடியாடெக் சிப்தான். வார்ப்பும் மின்மாற்றியும் அருமை, மறுப்பதற்கில்லை. மூளை மட்டும் பழையது.

இலங்கையில் இந்தக் கதைக்கு இன்னொரு அத்தியாயம் சேர்ந்தது. 2017-ல் டொலர் 150 ரூபா அளவில் இருந்தபோது 549 டொலர் ஒப்போ ஏறத்தாழ 82,000 ரூபா, வரி கப்பல் கூலி நீங்கலாக. 2022-ல் டொலர் 360-ஐத் தொட்டபோது அதே தொகை 2 இலட்சத்தை நெருங்கியது. அந்த மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. மின்சாரம் பிறக்கும் ஊரிலும் இல்லை. இறக்குமதிக் கட்டுப்பாடும் சேர, கொழும்புக் கடைகளில் இருந்த மிச்சம் மீதி நல்ல பிளேயர்களும் தட்டை விட்டுப் போயின. அவற்றின் இடத்தில் இப்போது ஸ்மார்ட் டீவி பெட்டிகள். கடைக்காரத் தம்பியிடம் பிளேயர் என்று கேட்டால் யூஎஸ்பி குத்தும் துளையைக் காட்டுகிறார்.

203 வைத்திருப்பவர்கள் அதைக் கண்ணாகக் காக்கிறார்கள். நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ஈரம் ஆகப் பெரிய எதிரி. குளிர்ந்து கிடந்த பெட்டி அறை சூடேறும்போது லென்ஸில் வியர்க்கும். உடனே வட்டைப் போட்டால் வாசிக்காது. முன்கூட்டியே ஓன் பண்ணி, பெட்டி தானாகச் சூடாகும் வரை விடுவது நல்லது. ஸ்டெபிலைசர் இல்லாமல் செருகவே கூடாது. சாதாரண டிவிடி பிளேயருக்கு லென்ஸ் போனால் டவுணில் மாற்றிவிடலாம்; 203-இன் டிரைவுக்கு உதிரி தேடினால் இலங்கை முழுக்க அலைய வேண்டியதுதான்.

பழைய 203 ஒன்று விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு ஓடுகிறவர்கள் டிவிடியைப் போட்டுப் பார்த்துவிட்டுக் காசை எண்ணக் கூடாது. டிவிடியைச் செத்த லென்ஸும் வாசிக்கும். 100 ஜிபி வட்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோய், முதல் காட்சியிலிருந்து கடைசி எழுத்து வரை ஓட்டிப் பார்க்க வேண்டும். அந்த வட்டில் மூன்று அடுக்கு. லேசர் களைத்திருந்தால் அடுக்கு மாறும் இடத்தில் படம் உறைந்து நின்றுவிடும். விற்பவர் அவசரப்படுத்தினால், கரண்ட் போய்விடும் என்று சாக்குச் சொன்னால், அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடலாம்.